லேடிஸ்மித்தைக் கப்பல் பீரங்கிகள் காப்பாற்றவில்லை

போயர் யுத்தத்தைப் பற்றிய பிரிட்டிஷ் வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. 1899 அக்டோபர் 30. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் லேடிஸ்மித் என்ற ஊர், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் ராட்சதப் பீரங்கிக்கு முன்னால் பதில் சொல்ல வழியில்லாமல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று வந்து சேர்கிறது. போர்க்கப்பலின் பீரங்கிகளோடு மாலுமிகள் இறங்குகிறார்கள். சுடுகிறார்கள். எதிரியின் பீரங்கி அடங்குகிறது. ஊர் பிழைக்கிறது. கப்பல் பீரங்கிக்கு மரக்கட்டையிலும் வண்டிச் சக்கரத்திலும் தளம் செய்து கொடுத்த கேப்டன் பெர்சி ஸ்காட் அன்று முதல் சமயோசிதத்தின் திருவுருவம் ஆகிவிடுகிறார்.

இதில் ரயில் உண்மை, மாலுமிகள் உண்மை, ஸ்காட்டின் திறமையும் உண்மை. ஊரைக் காப்பாற்றியது இவைதான் என்ற முடிவு உண்மையில்லை. அந்த முடிவால் தப்பித்துக்கொண்டவர்கள் சிலர், மறைக்கப்பட்டவர்கள் பலர். அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், நடந்தது என்ன? போயர்களின் டிரான்ஸ்வால் அரசு பிரான்ஸின் க்ரூஸோ ஆலையிலிருந்து 155 மி.மீ. பீரங்கிகள் நான்கை வாங்கிப் பிரிட்டோரியாவின் கோட்டைகளில் வைத்திருந்தது. ‘லாங் டாம்’ என்று பெயர் பெற்றவை இவைதான். 43 கிலோ எடையுள்ள குண்டைப் பத்து கிலோமீட்டர் தூரம் எறியக்கூடியவை. கோட்டைப் பீரங்கி கோட்டையிலேயே இருக்கும் என்று பிரிட்டிஷ் தளபதிகள் நம்பினார்கள். போயர்கள் அவற்றைக் கழற்றி, மாடு பூட்டி, மலைமேல் ஏற்றினார்கள். அக்டோபர் 21 அன்று டண்டி நகருக்கு மேலே இம்பாட்டி மலையிலிருந்து அதன் குண்டுகள் விழத் தொடங்கியதும், பிரிட்டிஷ் படை ஊரையே கைவிட்டு வெளியேறியது. பிரிட்டிஷ் படையிடம் இருந்த 15 பவுண்டர் களப் பீரங்கியின் குண்டு அதில் பாதித் தூரம்தான் போகும்.

லேடிஸ்மித்தில் இருந்த படையின் தளபதி ஜெனரல் ஜார்ஜ் வைட் கடற்படையிடம் உதவி கேட்டார். ‘டெரிபிள்’ கப்பலின் தலைவரான ஸ்காட், சைமன்ஸ் டவுனில் ஒரு பகலும் இரவுமாகப் பட்டறையை முடுக்கி, கனத்த மர உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட் போட்டு இணைத்து, 4.7 அங்குலப் பீரங்கிகளுக்குத் தளம் செய்தார். 12 பவுண்டர் பீரங்கிகளுக்கு ஏற்கெனவே ஒரு மரத்துண்டை வால்கட்டையாக்கி, அந்த ஊர்ப் பாரவண்டியின் சக்கரங்களைப் பூட்டியிருந்தார். ‘பவர்ஃபுல்’ கப்பல் அவற்றை டர்பனுக்குக் கொண்டு போனது. அங்கிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. தூரத்தை ரயில் கடந்தது. 30ஆம் தேதி காலை, வைட்டின் படை ஊருக்கு வெளியே தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தபோது பீரங்கிகள் வந்திறங்கின. அன்று சுட்டவை சிறிய 12 பவுண்டர்கள் மட்டுமே. பெப்வொர்த் மலையில் இருந்த லாங் டாம் சிறிது நேரம் ஓய்ந்தது. பெரிய 4.7 பீரங்கிகளைத் தளத்தில் ஏற்றிச் சுடவைக்க மேலும் சில நாட்கள் பிடித்தன. அதற்குள், நவம்பர் 2 அன்று, ரயில் பாதை அறுபட்டு முற்றுகை தொடங்கிவிட்டது.

அடுத்த 118 நாட்களைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

‘லேடி ஆன்’ என்றும் ‘பிளடி மேரி’ என்றும் மாலுமிகள் பெயரிட்ட அந்த இரண்டு 4.7 பீரங்கிகளும் லாங் டாம்களோடு வாரக்கணக்கில் குண்டு பரிமாறின. ஒரு லாங் டாமைக்கூட அவற்றால் ஒழிக்க முடியவில்லை. முடியாததற்குக் காரணம் மாலுமிகளின் குறி அல்ல. அவர்கள் மிக நன்றாகவே குறிபார்த்தார்கள். இருந்த குண்டுகள் முற்றுகைக்கு முன் வந்தவை, தீர்ந்தால் வேறு கிடையாது. எண்ணி எண்ணித்தான் சுட வேண்டியிருந்தது. தவிர, கற்சுவருக்கும் மண்மேட்டுக்கும் பின்னால் பதுங்கியிருக்கும் ஒற்றைப் பீரங்கியின்மேல் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து நேரடியாகக் குண்டைப் போடுவது, கடலில் ஒரு கப்பலின் பக்கவாட்டைத் துளைப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

கன் ஹில் என்ற குன்றில் இருந்த லாங் டாமைக் கடைசியில் ஒழித்தது எது? டிசம்பர் 7 இரவு, மேஜர் ஜெனரல் ஆர்ச்சிபால்ட் ஹண்டர் தலைமையில் நேட்டால் தொண்டர் படையினரும் இம்பீரியல் லைட் ஹார்ஸ் வீரர்களும் இருட்டில் குன்றேறி, காவலரை விரட்டிவிட்டு, பீரங்கியின் குழலில் வெடிமருந்தை வைத்துத் தகர்த்தார்கள். மூன்று இரவுகள் கழித்து சர்ப்ரைஸ் ஹில்லில் இருந்த ஹவிட்சர் என்ற ரகப் பீரங்கிக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கே போனது காலாட்படை. கப்பல் பீரங்கி ஐந்து வாரங்களில் செய்ய முடியாததைக் கால்நடையாய்ப் போன ஆட்கள் ஓர் இரவில் செய்தார்கள். இதைச் சொல்லும் நூல்களே அடுத்த பக்கத்தில் ‘கப்பல் பீரங்கிகள் ஊரைக் காப்பாற்றின’ என்று எழுதுவது எனக்கு விளங்கவில்லை.

லேடிஸ்மித் உண்மையிலேயே விழ இருந்த நாள் ஒன்று உண்டு. 1900 ஜனவரி 6. ஊரின் தெற்கே வேகன் ஹில், சீசர்ஸ் கேம்ப் என்ற மேடுகளைப் போயர்கள் விடியுமுன் தாக்கினார்கள். அந்த மேடு போயிருந்தால் ஊர் போயிருக்கும். சண்டை நாள் முழுவதும் நீடித்தது. மாலையில் கொட்டிய மழைக்கு நடுவே டெவன் படைப்பிரிவு துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து கடைசிப் போயர்களை விரட்டியது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் நானூறு பேர் அளவில் இறந்தும் காயப்பட்டும் போனார்கள். அந்த நாளில் ‘லேடி ஆன்’ எங்கே இருந்தது? அதை வேகன் ஹில்லுக்கு இடம் மாற்றுவதற்காக முந்தைய இரவு கழற்றி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். குன்றின் அடியில், வண்டியின்மேல், துண்டு துண்டாகக் கிடந்தது. அதற்குக் குழி வெட்டப் போன பொறியாளர்களும் மாலுமிகளும் துப்பாக்கியைத் தூக்கிச் சண்டையிட்டார்கள். சீசர்ஸ் கேம்ப்பின் சரிவில் ஏறிய போயர்களைத் தடுத்து நிறுத்திய பீரங்கிகள் எவை தெரியுமா? எல்லோரும் குறைத்துப் பேசும் அதே 15 பவுண்டர் களப் பீரங்கிகள். மேஜர் ஆப்டியின் அணி. ஊர் பிழைத்ததற்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்ல வேண்டுமானால் இந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். காட்சி அழகு இல்லாத காரணத்தால் மக்கள் நினைவில் அக்டோபர் 30 நின்றுவிட்டது.

முற்றுகைக்குள் மாண்டவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது குடற்காய்ச்சலும் சீதபேதியும். இன்டோம்பி மருத்துவ முகாமின் கல்லறைகள் அதற்குச் சாட்சி. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க நிலக்கரியும், நோயாளிக்குக் கொடுக்கப் பாலும் அந்த ஊருக்கு இன்னும் இரண்டு பீரங்கிகளைவிட அதிக நாள் உயிர் தந்திருக்கும்.

லேடிஸ்மித்துக்கு வெளியே கப்பல் பீரங்கிகளின் கணக்கு இன்னும் மோசம். டிசம்பர் 10 அன்று மாகர்ஸ்ஃபாண்டைன் குன்றைப் பிரிட்டிஷ் தளபதி மெத்யூவன் பிரபுவின் பீரங்கிகள் இரண்டு மணி நேரம் அடித்தன. அவற்றுள் மாலுமிகளின் 4.7 பீரங்கியும் ஒன்று. லிட்டைட் வெடிமருந்தின் மஞ்சள் புகை குன்று முழுவதும் எழுந்ததைப் பார்த்தவர்கள், அங்கே உயிரோடு யாரும் இருக்க முடியாது என்று நம்பினார்கள். போயர்கள் குன்றின்மேல் இல்லை. தங்கள் தளபதி டி லா ரேயின் யோசனைப்படி குன்றின் அடிவாரத்தில் குறுகிய பதுங்குகுழிகள் வெட்டி அதற்குள் இருந்தார்கள். அந்தக் குண்டுவீச்சில் அவர்களுக்கு நேர்ந்த சேதம் விரல்விட்டு எண்ணத் தக்கது. மறுநாள் விடியலில் ஹைலேண்ட் படையணி நேராக அந்தக் குழிகளின் முன் போய் நின்றது. அதன் தளபதி வாகோப் இறந்தார்; பிரிட்டிஷ் தரப்பில் மொத்தச் சேதம் தொள்ளாயிரம் பேருக்கு மேல். நான்கு நாள் கழித்துக் கொலென்ஸோவிலும் இதே பாடம். இரண்டு நாள் கப்பல் பீரங்கிகள் துகேலா ஆற்றுக்கு அப்பால் இருந்த குன்றுகளை அடித்தன. போயர்கள் ஒரு பதில் குண்டும் சுடாமல் இருந்தார்கள். 15ஆம் தேதி, லேடிஸ்மித்தை மீட்க வந்த ஜெனரல் புல்லரின் படை ஆற்றங்கரைக்கு வந்ததும் சுட்டார்கள். பத்துக் களப் பீரங்கிகள் எதிரியின் கைக்குப் போயின. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் சேதம்.

தோல்விக்கு மாலுமிகள் பொறுப்பில்லை. தளபதிகளின் மூடத்தனத்துக்குப் பீரங்கியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கலாம். என் பதில் இது: தொலைவிலிருந்து பெரிய குண்டு போட்டால் எதிரி ஓடிவிடுவான் என்ற நம்பிக்கையை அந்தத் தளபதிகளுக்குக் கொடுத்தது இந்தக் கப்பல் பீரங்கிப் புகழ்தான். மாகர்ஸ்ஃபாண்டைனுக்கு ஆறு வாரம் முன்பு லேடிஸ்மித்தில் பிறந்த கதை, அதற்குள் படை முழுவதும் பரவியிருந்தது.

அந்தப் பீரங்கியின் அமைப்பையே கொஞ்சம் பார்ப்போம். கப்பலின் பீரங்கி கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டது. குண்டு மிக வேகமாக, ஏறக்குறைய நேர்கோட்டில் போக வேண்டும். கடலில் எதிரி மறைந்துகொள்ள மேடு கிடையாது. நிலத்தில் எதிரி மேட்டின் பின்சரிவில் இருப்பான், குழிக்குள் இருப்பான். மேலே ஏறிச் செங்குத்தாக விழும் குண்டு வேண்டும்; அது ஹவிட்சரின் வேலை. இன்னொன்று பின்னுதைப்பு. கப்பலில் அதைத் தாங்கிக்கொள்ள எஃகுத் தளமும் பல்லாயிரம் டன் எடையும் இருக்கின்றன. மண்ணில் அதைத் தாங்க மரக்கட்டையும் சக்கரத்தில் கட்டிய கயிறும்தான். 4.7 பீரங்கியின் குழல் மட்டும் இரண்டு டன். ஓர் இடத்தில் ஊன்றிவிட்டால் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக ஓர் இரவு வேண்டும். இவை எல்லாம் ஸ்காட்டுக்கு நன்றாகத் தெரிந்தவை. கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தார். அதிசயம் என்று கொண்டாடியவர்கள்தான் இதை மறந்தார்கள்.

ஸ்பியன் கோப்பில் வேறொரு குறை வெளிப்பட்டது. 1900 ஜனவரி 24 அன்று மலையுச்சியில் பிரிட்டிஷ் வீரர்கள் சாய்ந்துகொண்டிருந்தபோது, அவர்களை ஆலோ நோல் என்ற மேட்டிலிருந்து போயர்கள் சுட்டார்கள். கப்பல் பீரங்கிகள் அந்த மேட்டைச் சரியாகவே அடிக்கத் தொடங்கின. அங்கே இருப்பது நம்மவர்கள் என்று நினைத்த தலைமை, சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பீரங்கி இருந்தது, குறி இருந்தது. மலைமேல் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு இல்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1900 பிப்ரவரி 27, பீட்டர்ஸ் குன்றுப் போரில் இதே பீரங்கிகள் அருமையாகப் பயன்பட்டன. எழுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள், கப்பல் பீரங்கி, ஹவிட்சர், களப் பீரங்கி எல்லாம் சேர்ந்து, முன்னேறும் காலாட்படையின் தலைக்கு மேலாகக் கடைசி நிமிடம் வரை சுட்டன. போயர்களின் அரண் உடைந்தது. மறுநாள் லேடிஸ்மித் விடுபட்டது. ஆனால் இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மூன்று மாதம் அடிபட்டுப் புல்லரின் படை கற்றுக்கொண்ட ஒத்திசைவுதான் அங்கே வென்றது. கப்பல் பீரங்கிகள் டிசம்பரில் இருந்த அதே ரகம்தான்.

நமக்கு நெருங்கிய ஓர் உதாரணமும் உண்டு. 1857 நவம்பரில் லக்னோவை மீட்கப் போன படையோடு ‘ஷானன்’ கப்பலின் பீரங்கிகளை வில்லியம் பீல் கொண்டுபோனார். நவம்பர் 16 அன்று ஷா நஜஃப் கல்லறை மாளிகையின் மதிலுக்கு மிக அருகில் நிறுத்தி மணிக்கணக்கில் சுட்டார். மதில் உடையவில்லை. மாளிகையின் மறுபக்கம் ஒரு திறப்பு இருப்பதை 93ஆம் படைப்பிரிவின் சார்ஜண்ட் பேட்டன் கண்டுபிடித்ததால்தான் படை உள்ளே நுழைந்தது. ஆனாலும் மக்கள் நினைவில் நிற்பது பீலின் பீரங்கிகள்.

இனி, இந்தக் கதையால் தப்பித்துக்கொண்டவர்களுக்கு வருகிறேன். லாங் டாம்கள் ரகசியம் இல்லை. போருக்கு முன்பே லண்டன் உளவுப் பிரிவு தயாரித்த குறிப்பேட்டில் போயர்களின் பீரங்கிகள் கணக்கிடப்பட்டிருந்தன. அப்படி இருந்தும், உலகின் மிகப் பெரிய பேரரசு, களத்தில் இழுத்துச் செல்லக்கூடிய தொலைதூரக் கனரகப் பீரங்கி ஒன்றும் இல்லாமல் போருக்குப் போனது. இது போர்த்துறையின் குற்றம். ஸ்காட்டின் மரக்கட்டைத் தளம் அந்தக் குற்றத்தின் அத்தாட்சி. அதைக் காட்டி ‘ஏன் தயாராக இல்லை’ என்று கேட்டிருக்க வேண்டிய நாடு, கைதட்டியது. 1900இல் அதே அரசு எர்ஹார்ட் ஆலையிடம் 108 விரைவுப் பீரங்கிகளைச் சத்தமில்லாமல் வாங்கியது. எர்ஹார்ட் ஜெர்மன் ஆலை. தன் களப் பீரங்கியும் பழசாகிவிட்டது என்று போர்த்துறைக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். போரை விசாரித்த எல்ஜின் ஆணையம் 1903இல் தயாரிப்பின்மையை எழுத்தில் வைத்தது. ஆனால் ஆணைய அறிக்கையைப் பொதுமக்கள் படிப்பதில்லை; கேட்பது கதையைத்தான்.

மறைக்கப்பட்டவர்கள் யார்? லண்டனின் ராயல் டோர்னமெண்ட் என்ற ராணுவக் காட்சியில் கடற்படையினர் பீரங்கியைக் கழற்றிச் சுவர்மேல் ஏற்றி, பள்ளத்துக்கு மேலாகக் கயிற்றில் கடத்தி, மீண்டும் பூட்டிச் சுடும் போட்டி 1999 வரை நடந்தது. லேடிஸ்மித்துக்குப் பீரங்கி கொண்டுபோன பெருமையின் நினைவு அது. உடல் வலிமையில் அந்த வீரர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் லேடிஸ்மித்துக்குப் பீரங்கியைக் கொண்டுபோனது ரயில். ரயில் இல்லாத இடத்தில் இழுத்தவை மாடுகள். ஒரு வண்டிக்குப் பதினாறு மாடுகள் பூட்டும் வழக்கம் அங்கே. அவற்றை ஓட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள். சுவரும் பள்ளமும் கயிறும் உள்ள அந்தப் போட்டியில் ஒரு மாடும் இல்லை, ஒரு கறுப்பரும் இல்லை.

இந்தியர்களும் இல்லை. கொலென்ஸோவிலும் ஸ்பியன் கோப்பிலும் காயப்பட்டவர்களைச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். காந்தி திரட்டிய அந்தப் படையில் மிகப் பெரும்பான்மையினர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். லேடிஸ்மித்துக்குள்ளே பிரபு சிங் என்ற கூலித் தொழிலாளி, போயர் பீரங்கி மின்னும் ஒவ்வொரு தடவையும் மணியடித்து ஊரை எச்சரிக்கும் வேலையைச் செய்தார். குண்டு வந்து விழுவதற்குள் ஆட்கள் பதுங்கிக்கொள்வார்கள். இரண்டு 4.7 பீரங்கிகளும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்களைவிட அந்த மணி காப்பாற்றிய உயிர்கள் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் உலகப் போரில், கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. 1915 ஜூலையில் ருஃபிஜி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட ‘கோனிக்ஸ்பெர்க்’ என்ற ஜெர்மன் கப்பலிலிருந்து பத்துப் பீரங்கிகளை மீட்டு, தாரெஸ்ஸலாமில் சக்கரம் பூட்டி, ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காட்டிலும் மலையிலும் பயன்படுத்தினார். இதையும் பொறியியல் சாகசம் என்றே எழுதுகிறார்கள். ஒவ்வொரு பீரங்கியையும் இழுத்தவர்கள் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமையாட்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்புச் சுமையாட்களில் மட்டும் மாண்டவர்கள் ஒரு லட்சத்தை நெருங்குகிறார்கள். பசியாலும் நோயாலும்.

‘வேறு வழி இல்லாதபோது கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள், அதில் என்ன தவறு?’ என்று கேட்பவருக்குச் சொல்கிறேன்: செய்ததில் தவறில்லை. நெருக்கடியில் செய்த தற்காலிக ஏற்பாட்டை வழிமுறையாக்கி, அதைப் பெருமையாக்கி, பிறகு அதையே ஆயுதக் கிடங்கில் வைத்துக்கொண்டதுதான் தவறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

ராணுவம் பாடம் கற்றது உண்மை. 1905இல் 60 பவுண்டர் என்ற, களத்துக்கென்றே வடிவமைத்த கனரகப் பீரங்கி வந்தது. ஆனால் 1914இல் பிரான்ஸுக்குப் போன ஒவ்வொரு டிவிஷனிலும் அது நான்குதான் இருந்தது. பற்றாக்குறையை நிரப்ப, டெரிடோரியல் என்ற பகுதிநேரப் படையிடம் கொடுத்து வைத்திருந்த பழைய 4.7 பீரங்கிகளையே மீண்டும் இழுத்து வந்தார்கள். லேடிஸ்மித்தில் புகழ் பெற்ற அதே ரகம். குழல்கள் தேய்ந்திருந்தன, குண்டு குழலின் பள்ளங்களைப் பற்றிச் சுழல வேண்டிய செப்புப் பட்டைகள் குழலின் வாயிலேயே பிய்ந்து போயின. 1915 மே 9, ஓபர்ஸ் ரிட்ஜ் தாக்குதலில் அவற்றின் குண்டுகள் எதிரியை அடையாமல், பாயக் காத்திருந்த பிரிட்டிஷ் வீரர்களின் பதுங்குகுழிகளில் விழுந்தன. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படையின் சேதம் பதினோராயிரம் பேர் அளவில். அவர்களில் எத்தனை பேரைத் தங்கள் சொந்தப் பீரங்கி கொன்றது என்று யாரும் தனியாகக் கணக்கெடுக்கவில்லை.